கைதட்டல் கூலியாகுமா?



பெங்களூர்த் தமிழர் வீடுகளில் அண்மைக்காலமாகப் புதுவிதமான ஒரு பேச்சு நடக்கிறது. "என் மகளை 40 ஆயிரம் பேர் பின்தொடர்கிறார்கள்" என்று ஒரு தகப்பனார் சொல்கிறார். குரலில் பெருமை பாதி, கவலை பாதி. "மாதம் எவ்வளவு வருகிறது?" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஒரு காலத்தில் இதே வீடுகளில் "பையன் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டான், எங்கேயாவது சொல்லி வையுங்கள்" என்றுதான் பேச்சு இருக்கும். இன்று பிள்ளைகளிடம் சான்றிதழும் இருக்கிறது. அதோடு யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓர் ஊர்க் கூட்டமே இருக்கிறது. அந்தக் கூட்டத்தைக் கொண்டு பிழைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இதற்கு நம்மவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். பெரியவர்கள், "எல்லாம் வெட்டி வேலை, போனைக் கீழே வை" என்கிறார்கள். இளையவர்கள், "இத்தனை பேர் பார்க்கிறார்களே, வேலையை ராஜினாமா செய்துவிட்டால் என்ன?" என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. பார்க்கிறவர்களின் கூட்டம் ஒரு மூலதனம் என்பது உண்மை. ஆனால் அது சம்பளம் ஆகிவிடாது. மூலதனத்தைத் தொழிலாக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் கூட்டத்தின் அளவைவிட, காசு கொடுத்து வேலை வாங்குகிறவர்களின் எண்ணிக்கையே முக்கியம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

நம்மவர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. எழுத்தாளர் சுஜாதாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுவதும் வாரப் பத்திரிகைக்காக ஜனங்கள் காத்திருந்தார்கள். அவர் எழுதிய கதைகள் 'காயத்ரி' (1977), 'ப்ரியா' (1978) என்று திரைப்படங்களாயின. 1986-ல் வெளிவந்த 'விக்ரம்' படத்துக்கும் எழுதினார். அந்தக் காலமெல்லாம் அவர் எங்கே இருந்தார்? நம் பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர் ரங்கராஜனாக இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டார். லட்சக்கணக்கான வாசகர்கள் இருந்தும் உத்தியோகத்தை விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகே சென்னைக்குக் குடிபெயர்ந்து முழுநேரமாக எழுத்திலும் சினிமாவிலும் இறங்கினார். புகழ் வேறு, வருமானம் வேறு என்று தெளிவாகத் தெரிந்துவைத்திருந்த ஒரு பெங்களூர்த் தமிழர் அவர்.

இப்போது கூட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால், குறைந்தது 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதங்களில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்ததாகக் கணக்கும் வேண்டும். குட்டி வீடியோக்களை மட்டும் போடுகிறவராக இருந்தால், மணிக்கணக்குக்குப் பதிலாக 90 நாட்களில் 1 கோடி பார்வைகள் வேண்டும். இந்த வாசலைத் தாண்டிய பிறகு, வழக்கமான வீடியோக்களில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்கு, மீதி நிறுவனத்துக்கு. விளம்பரம் எவ்வளவு வருகிறது என்பது நம் கையில் இல்லை. பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மொழியில் பார்க்கிறார், எந்த மாதம், என்ன பொருள் என்பதையெல்லாம் பொறுத்து ஏறும், இறங்கும். தீபாவளி மாதத்தில் நன்றாக வந்தது அடுத்த மாதம் பாதியாகலாம். இதை நம்பி வீட்டு வாடகைக்கு ஒப்பந்தம் போட முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கூட்டம் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை. வேறொருவருடைய சத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. அவற்றில் டிக்டாக்கும் ஒன்று. லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்த தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவி எல்லோரும் ஒரே இரவில் கூட்டத்தை இழந்தார்கள். உடன்குடியில் மரச்சாமான் வேலை செய்துவந்த ஜி.பி.முத்து போன்ற சிலர் யூடியூபுக்கு மாறித் தப்பினார்கள். அவர் 2022-ல் பிக் பாஸ் நிகழ்ச்சி வரை போனதும் பிறகு படங்களில் நடித்ததும் ஊரறிந்த செய்தி. அவர் பெயரை அறிந்த நாம், அன்று காணாமற்போன மற்றவர்களின் பெயரை அறிய மாட்டோம்.

அப்படியானால் யாருமே இதில் தொழில் அமைத்துக்கொள்ளவில்லையா? அமைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும்.

பாலாஜி மோகன் என்ற இளைஞர் 'காதலில் சொதப்புவது எப்படி' என்று ஒரு குறும்படம் எடுத்தார். யூடியூபில் ஏகப்பட்ட பேர் அதைப் பார்த்தார்கள். அதே பெயரில் 2012-ல் தமிழில் முழுநீளப் படம் வெளிவந்தது, சித்தார்த் நடித்தார். அந்தப் படத்துக்குப் பணம் போட்டவர்கள் எதை வாங்கினார்கள்? பார்வைகளின் எண்ணிக்கையை வாங்கவில்லை. இந்தப் பையனுக்குக் கதை சொல்லத் தெரியும், நடிகர்களை வேலை வாங்கத் தெரியும் என்பதற்கு அந்தக் குறும்படம் கண்ணெதிரே ஒரு மாதிரித் துணியாக இருந்தது. ஜவுளிக்கடையில் மாதிரியைப் பார்த்துத்தானே பீஸ் வெட்டச் சொல்கிறோம்?

கோயம்புத்தூர் ஆதியின் கதையும் அப்படித்தான். 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் அவரும் நண்பர் ஜீவாவும் பாட்டுப் போட்டார்கள். 2011-ல் ஒரு பாட்டு இணையத்தில் பெரிய அளவில் பரவியது. பாராட்டும் வந்தது, கண்டனமும் வந்தது. அவர்கள் அதோடு நிற்காமல் 2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்ற ஆல்பத்தை முடித்து வெளியிட்டார்கள். பிறகு மற்றவர்கள் இசையமைத்த படங்களில் பாடும் வாய்ப்பு வந்தது. 2015-ல் 'ஆம்பள' படத்தின் மூலம் இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அதே ஆண்டில் 'தனி ஒருவன்'. பரவிய பாட்டுக்கும் முதல் படத்துக்கும் இடையில் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அந்த நான்கு ஆண்டுகளை நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

அலெக்ஸாண்டர் பாபு மென்பொருள் துறையில் இருந்தவர். இசையும் நகைச்சுவையும் கலந்து மேடையில் நிகழ்த்திய 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019-ல் அமேசான் பிரைமில் வந்தது. இணையத்தில் துண்டு துண்டாக இலவசமாகப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் டிக்கெட் வாங்கி அரங்குக்கு வருகிறார்கள். அவர் விற்பது அந்த நாற்காலியை.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பற்றிச் சொல்லாவிட்டால் "அதைச் சொல்லவில்லையே" என்பீர்கள். பெரியதம்பித் தாத்தாவும் பேரன்மாரும் 2018-ல் வயல்வெளியில் அடுப்பு மூட்டினார்கள். 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆயிற்று. அந்த ஆண்டில் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022-ல் கமல்ஹாசனின் 'விக்ரம்' படத்திலும் வந்தார்கள். விளம்பரப் பங்கை வைத்தே நிமிர்ந்தவர்கள் என்று சொல்லலாம். ஆனால் பேசாமலே புரிகிற சமையல் அது; உலகம் முழுவதும் பார்க்கும். கோடியில் ஒருவருக்கு வாய்ப்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் பிள்ளையின் எதிர்காலத்தை அளப்பது, லாட்டரிச் சீட்டை நம்பிக் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதைப் போன்றது.

பாலாஜி மோகன், ஆதி, அலெக்ஸாண்டர் பாபு ஆகியோரின் வழி நமக்கு எட்டக்கூடியது. குறிப்பிட்ட ஒரு வேலை. அதற்கு ஒரு விலை. அதை வாங்க ஓர் ஆள். கூட்டம் அந்த ஆளை அழைத்து வருகிறது. அவ்வளவுதான் கூட்டத்தின் வேலை.

சென்னை சினிமாவை விட்டுவிட்டு எங்கள் பகுதிக்கு வருகிறேன். நான் குடியிருப்பது விவேக் நகரில். குழந்தை ஏசு ஆலயத்தை அறியாத பெங்களூர்க்காரர் இருக்க முடியாது. வியாழக்கிழமை தோறும் மதம் பாராமல் வருகிற கூட்டத்தையும், வாசலில் மெழுகுவத்தி, பூமாலை விற்கிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். அந்த வியாபாரிகள் ஒரே மூச்சில் தமிழிலும் கன்னடத்திலும் விலை சொல்வார்கள். ஒரு பக்கம் ஈஜிபுரா, இன்னொரு பக்கம் ஆஸ்டின் டவுன், எட்டும் தூரத்தில் கோரமங்கலா. தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழர்களும், போன மாதம்தான் பெட்டியோடு இறங்கிய மென்பொருள் இளைஞர்களும் ஒரே தெருவில் இருக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் வேண்டாம். தகப்பனார் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்ந்தவர். இவள் பி.காம். முடித்துவிட்டு ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் தெரிந்தவர்களுக்குக் கன்னடம் கற்றுத்தரும் சிறு சிறு வீடியோக்களைப் போட ஆரம்பித்தாள். அவளுடைய ஒரு வீடியோவை நானே நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். தமிழில் 'ப'வில் ஆரம்பிக்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ'வில் ஆரம்பிக்கும் என்று காட்டியிருந்தாள். பால் ஹாலு ஆகிறது, பல் ஹல்லு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி. ஐந்து நிமிடத்தில் ஐம்பது வார்த்தை கைக்கு வந்துவிட்டது போல இருக்கும். இரண்டு ஆண்டுகளில் 40 ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒருநாள் தகப்பனார் என்னிடம் வந்தார். "சார், நீங்க கொஞ்சம் அவளுக்கு எடுத்துச் சொல்லணும். வேலையை விட்டுடறேங்கறா. 40 ஆயிரம் பேரு பார்க்கறாங்களாம். போன மாசம் ஆயிரத்து சொச்சம்தான் வந்திருக்கு. வீட்டு வாடகையே 14 ஆயிரம். நான் உட்கார்ந்துட்டேன், தம்பி இன்னும் காலேஜ்ல இருக்கான்" என்றார்.

அவர் கவலை நியாயமானது. நான் அந்தப் பெண்ணிடம் கேட்டது ஒன்றுதான். "இதில் எத்தனை பேர் உனக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள் அம்மா?"

"யாரும் இல்லை அங்கிள். நான் கேட்டதே இல்லை" என்றாள்.

அதுவரை அவளிடம் வந்த 'வாய்ப்பு'களைப் பற்றியும் சொன்னாள். ஒரு துணிக்கடை, தன் கடையைப் பற்றி மூன்று வீடியோ போடச் சொல்லியிருக்கிறது. கூலி என்னவென்றால், "உங்களுக்கும் ஒரு பப்ளிசிட்டி கிடைக்கும், ஒரு சுடிதாரும் தருகிறோம்." கொத்தனாரைக் கூப்பிட்டு "எங்கள் வீட்டுச் சுவரைக் கட்டு, தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள்" என்று யாராவது சொல்வார்களா? படித்த பெண்ணிடம் மட்டும் கூசாமல் சொல்கிறார்கள்.

அதன் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். வழக்கமான வீடியோவின் முடிவில் ஓர் அறிவிப்பு: "மாலையில் நேரடி வகுப்பு எடுக்கிறேன். 12 வகுப்பு. கட்டணம் 2,500 ரூபாய். பத்துப் பேருக்கு மட்டும்." 40 ஆயிரம் பேரில் 19 பேர் விசாரித்தார்கள். 7 பேர் பணம் கட்டினார்கள். தகப்பனார் முகம் சுருங்கிவிட்டது. "40 ஆயிரத்துல ஏழா?" என்றார். என் கணக்கு வேறு. அதுவரை அவளிடம் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. இப்போது ஏழு பேர். கைக்கு 17,500 ரூபாய். அதைவிட முக்கியம், என்ன கற்க வருகிறார்கள், எங்கே தடுக்கி விழுகிறார்கள், எந்த நேரம் ஒத்துவருகிறது என்று அந்த ஏழு பேர் சொல்லித் தந்தது, 40 ஆயிரம் பேர் போட்ட இதயக் குறிகளில் கிடைக்கவில்லை.

அந்த ஏழு பேரில் ஒருவர் தன் அலுவலகத்தில் சொல்ல, ஒரு நிறுவனம் ஊழியர்களுக்கு வகுப்பு நடத்த அழைத்தது. எட்டு சனிக்கிழமைகள், சனிக்கு 3,000 வீதம் 24,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தாள். "கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா, பட்ஜெட் 18 தான்" என்றார்கள். அவள் கட்டணத்தைக் குறைக்கவில்லை, நாட்களைக் குறைத்தாள். 18,000-க்கு ஆறு சனிக்கிழமைகள் என்றாள். ஒத்துக்கொண்டார்கள். பாதி முன்பணம், மீதி முடிந்ததும். மீதி வர ஒன்றரை மாதம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியாகத் தொழில் செய்கிறவர்கள் அந்த ஒன்றரை மாத இடைவெளிக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

இந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் 40 ஆயிரமா, ஏழா? இரண்டும்தான். அந்த நிறுவனத்தார் அவள் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்கள். தெரியாத பெண்ணை வீட்டில் உட்கார்ந்தபடியே சோதித்துப் பார்க்க அது உதவியது. ஆனால் பரிந்துரை வந்தது காசு கொடுத்துப் படித்த ஒருவரின் வாயிலிருந்து.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நடைமுறை விஷயங்கள் சில உண்டு. முதலாவது, விலையை வெளிப்படையாகச் சொல்வது. நம் வளர்ப்பில் காசு கேட்பது கூச்சமான காரியம். "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்று விட்டுவிடுகிறோம். பார்த்துக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது, என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பணம், எப்போது, எத்தனை முறை திருத்தம் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குவது. மின்னஞ்சல் போதும், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. மூன்றாவது, வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அவர்கள் சம்மதத்தோடு தனியே ஒரு நோட்டில் வைத்துக்கொள்வது. நாளை அந்தச் சத்திரம் மூடினாலும் அந்த நோட்டு நம்முடையது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் புகழ்ந்தால், அது விளம்பரம் என்று பார்க்கிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர மன்றம் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கின்றன. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. தொழில் தொடர்பாகக் கிடைக்கும் இலவசப் பொருளின் மதிப்பு ஓராண்டில் 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப்பிடித்தம் என்ற விதி 2022 ஜூலை 1-ல் வந்தது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பங்குச் சந்தை ஆலோசனை கூறிக் காசு வாங்க நினைப்பவர்கள், செபியில் பதிவு செய்யாமல் அதில் இறங்கவே கூடாது. பதிவில்லாமல் ஆலோசனை விற்ற இணையப் பிரபலங்கள் மீது செபி நடவடிக்கை எடுத்திருக்கிறது.

சரி, வேலையை எப்போது விடலாம்? என் கருத்து இது. வீட்டுச் செலவில் பாதியையாவது இந்தத் தொழில் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் தந்திருக்க வேண்டும். அதில் எந்த ஒரு வாடிக்கையாளரும் மொத்த வரவில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. அவர் போனால் கடையையே மூட வேண்டி வரும். ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்த பிறகும் பெற்றோர் "வேண்டாம்" என்றால், பிள்ளைகள் பக்கம் நின்று நான் வாதாடத் தயார். இதில் ஒன்றும் அமையாமல் வேலையை விடுவேன் என்றால், பெற்றோர் பக்கம்தான் நிற்பேன். அந்தப் பெண் இன்னும் வேலையை விடவில்லை. வாரத்தில் நான்கு நாள் வந்தால் போதுமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

"சொந்த ஊரில் இருந்தால் நிலம் நீச்சு இருக்கும், தோற்றாலும் போய் உட்கார ஒரு திண்ணை இருக்கும். இங்கே முதல் தேதி வந்தால் வாடகை" என்று நம் பெற்றோர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் தவறி விழுந்தால் தாங்கிப் பிடிக்க உறவு குறைவு. அதனாலேயே நாம் நிலையான சம்பளத்தைத் தெய்வமாகக் கும்பிட்டோம். ஆனால் அதே இடப்பெயர்ச்சிதான் நம் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மொழிகளைத் தந்திருக்கிறது. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் தெரிந்து, இரு பக்கத்துப் பழக்கவழக்கமும் அறிந்த ஒருத்தி செய்யக்கூடிய வேலையைச் சென்னையில் இருப்பவர் செய்ய முடியாது. அந்தப் பெண் விற்பது அந்த இரண்டுங்கெட்டான் நிலையைத்தான்! நாம் குறையென்று நினைத்தது அவளுக்குச் சரக்காகியிருக்கிறது. அவளிடம் படித்தவர்கள் காய்கறிக்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் கன்னடத்தில் பேசுகிறார்கள் என்றால், அதனால் இரு மொழிக்காரர்களுக்கும் நன்மை.

கடைசியாக, சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. உரிமையோடு சொல்கிறேன், பெரியவர்கள் கோபிக்க வேண்டாம்.

பொங்கல் விழா, முத்தமிழ் விழா, ஆண்டு விழா எது வந்தாலும் நாம் முதலில் தேடுவது இந்தப் பிள்ளைகளைத்தான். "தம்பி, நம்ம சங்கத்துக்கு ஒரு போஸ்டர் டிசைன் பண்ணிக் கொடுப்பா", "அம்மா, உன் சேனல்ல நம்ம விழாவைப் பத்தி ஒரு வீடியோ போடும்மா", "அரை மணி நேரம் நகைச்சுவை பண்ணிடு, ஜனங்க சிரிக்கட்டும்." பந்தல்காரருக்குப் பணம் தருகிறோம். சமையல்காரருக்கு முன்பணம் தருகிறோம். ஒலிபெருக்கிக்காரர் பணம் வாங்காமல் மைக்கைக் கழற்ற மாட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, ஒரு கைதட்டல். பொன்னாடை மரியாதைக்குரியதுதான். ஆனால் அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் வாடகையாகக் கொடுக்க முடியாதே!

சங்கத்தில் பணம் கொழிக்கவில்லை என்பதை நான் அறிவேன். ஆகவே பெரிய தொகை கேட்கவில்லை. வரும் பொங்கல் விழாவிலிருந்து மூன்று காரியம் செய்யலாம் என்று முன்மொழிகிறேன். ஒன்று, சுவரொட்டி, வீடியோ, மேடை நிகழ்ச்சி எதுவானாலும் இளைஞர்களிடம் வாங்கும் வேலைக்கு, தொகை சிறிதானாலும் முன்கூட்டியே பேசி, வேலை முடிந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். இரண்டு, கொடுக்கும்போது ரசீது வாங்க வேண்டும். என்ன வேலை செய்தார் என்று சங்கத்தின் முகப்புத் தாளில் ஒரு கடிதமும் தர வேண்டும். "இன்ன சங்கம் பணம் கொடுத்து என்னிடம் வேலை வாங்கியது" என்று அடுத்த இடத்தில் காட்ட அவர்களுக்கு அது உதவும். முதல் வாடிக்கையாளர் கிடைப்பதுதானே எல்லாத் தொழிலிலும் கடினம்? மூன்று, இந்த இதழில் ஒரு பக்கம் ஒதுக்கி, நம் குடும்பத்துப் பிள்ளைகள் யார் யார் என்னென்ன வேலை, என்ன கட்டணத்தில் செய்து தருகிறார்கள் என்று வெளியிட வேண்டும். கல்யாணப் புகைப்படம், மொழிபெயர்ப்பு, பாட்டு வகுப்பு, கணக்கு டியூஷன் எல்லாம் அதில் வரலாம்.

நம்மில் எத்தனையோ பேர் கடை வைத்திருக்கிறோம், சிறு தொழிற்கூடம் நடத்துகிறோம், அலுவலகங்களில் பொறுப்பில் இருக்கிறோம். அந்தப் பக்கத்தைப் பார்த்து ஆளுக்கொரு வேலை கொடுத்தால் போதும். முதல் வேலையைக் கொடுக்க வேண்டியவர்கள் ஊர்பேர் தெரியாத 40 ஆயிரம் பேர் அல்லர். அடுத்த வீட்டுக்காரர்களாகிய நாம்தான். செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர்களும் தங்கள் கருத்தை எழுதுங்கள். மாறுபட்ட கருத்தாயினும் சரி.